எழுவான்கரை மண்ணும் படுவான்கரைக் கன்றும்

என் கணவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரர். மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்ணுக்கு என்பதால் அவர்தான் வாவியைக் கடந்து, கிழக்கே கடலோரமான எழுவான்கரையில், கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த மாரியிலேயே அவருடைய அம்மாவின் கன்றுகளும் வந்து சேர்ந்தன: ஆறு வெட்சி, இரண்டு கறிவேப்பிலை, ஒரு தேசி. வேரோடு ஒட்டிய மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி மாமி கொண்டுவந்தவை. காசு கொடுத்து வாங்கிய கன்று பட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒரு தாய் தன் முற்றத்திலிருந்து பெயர்த்துத் தந்த கன்று பட்டுப்போனால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வெட்சியை முன்மதில் ஓரமாக வரிசைக்கு நட்டேன். மழை இருந்தவரை குறையொன்றும் தெரியவில்லை. தை முடிந்து வெயில் ஏறியதும் நுனிக் கொழுந்துகள் வெளிறத் தொடங்கின. கச்சான் காற்று வீசத் தொடங்கியபோது புதிதாக வந்த இலைகள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. தேசியும் அப்படியே. கறிவேப்பிலை ஒரு சாண் கூட வளரவில்லை. பார்க்க வந்தவர்கள் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "சிலருக்குக் கைராசி அமையாது." மாமி கைபட்டால் காய்ந்த தடியும் துளிர்க்கும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் என் கை நின்றது. எனக்கு அது வலித்தது.

இலை மஞ்சளானால் யூரியா போடு என்றார் உரக்கடையில் இருந்தவர். போட்டேன். அடுப்புச் சாம்பல் தூவு என்றார் மாமி. அவர் வளவில் கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் வாழைக்கும் சாம்பல்தான் முதல் மருந்து. இரண்டு மாதம் விடாமல் தூவினேன். வெட்சி முன்பைவிட மோசமானது.

ஒரு நாள் காலையில் வெட்சி இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். இலைத் தாள் முழுவதும் வெளிறிய மஞ்சள். ஆனால் நடு நரம்பும், அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும், அவற்றிலிருந்து பிரியும் மயிரிழை போன்ற சிறு நரம்புகளும் ஒன்றுவிடாமல் பச்சை. மஞ்சள் துணியில் பச்சை நூலால் மீன்வலை பின்னியது போல இருந்தது. குனிந்து அடியில் பார்த்தால் பழைய இலைகள் கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றன.

இந்த ஒன்றை அன்று நான் அறிந்திருந்தால் யூரியாவுக்குப் போயிருக்க மாட்டேன். நைதரசன் குறைந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து அதை உருவிப் புதுக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும், நரம்போடு சேர்த்தே மஞ்சளாகும். இரும்பு அப்படி இடம் மாறாது. பழைய இலையில் சேர்ந்த இரும்பு அங்கேயே தங்கிவிடும், கொழுந்துக்குப் புதிதாக வேர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேரால் எடுக்க முடியாதபோது நுனி முதலில் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செடி எங்கே முதலில் மஞ்சளாகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கையில் இருக்கிறது.

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சொல்லித்தந்த சோதனையைச் செய்து பார்த்தேன். ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் இரும்புச் சல்பேட்டைக் கரைத்து, பஞ்சில் தோய்த்து, ஒரே இலையின் வலது பாதியில் மட்டும் மாலை நேரத்தில் தடவிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த இலை நடு நரம்பில் கோடு கிழித்தது போல இரண்டாகப் பிரிந்து நின்றது. தடவிய பக்கம் பச்சை, தடவாத பக்கம் மஞ்சள். அதைப் பார்த்தபடி மதிலோரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குறை என் கையில் இல்லை.

ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமலா போயிற்று? இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. மண் காரமாக இருக்கும்போது அது கரையாது. அமில காரத்தைச் சொல்லும் பி.எச். அளவு ஒரு படி ஏறினால், மண்நீரில் கரைந்து நிற்கும் பெரிக்கு இரும்பு அயன்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சோறு பானையில் இருக்கிறது, பானை பூட்டியிருக்கிறது.

இந்த அளவை 1909ஆம் ஆண்டில் வகுத்தவர் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பது பள்ளிக்கூடத்தில் பாசிச்சாயத் தாளைப் பிடித்த எல்லோருக்கும் தெரியும். பலருக்கும் நினைவில் நிற்காதது, ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பது. 8க்கும் 6க்கும் இடையே இருப்பது இரண்டு அல்ல, நூறு மடங்கு. மரக்கறிகளில் பெரும்பாலானவை 6க்கும் 7க்கும் இடையில் நன்றாக வளரும். வெட்சி, அன்னாசி போன்றவை அதைவிட அமிலத்தை விரும்புபவை. தேயிலை 4.5க்கும் 5.5க்கும் இடையில் செழிப்பது. மலைநாட்டில் அது பச்சைக் கம்பளமாகக் கிடப்பதற்கு மழையும் குளிரும் மட்டும் காரணம் அல்ல, அந்த மண்ணின் புளிப்பும் காரணம்.

சரி, எங்கள் மண் என்ன சொல்கிறது என்று பார்க்க இரண்டு முள் கொண்ட மலிவான கருவி ஒன்றை வாங்கினேன். எங்கே குத்தினாலும் 7 காட்டியது. மண்ணில் குத்தி உடனே எண் சொல்லும் அந்த வகைக் கருவிகளை நம்பி ஒரு கன்றையும் நடாதீர்கள். பிறகு கரைசலில் தோய்க்கும் பேனாக் கருவியும், அதைச் சரிபார்க்கும் 4, 7 பொடிகளும் வாங்கினேன்.

அளக்கும் முறை சிரமமானதல்ல, ஆனால் அவசரப்படக்கூடாது. ஒரு பாத்திக்கு ஐந்தாறு இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழம் வரை மண்வெட்டியால் வெட்டி, வெட்டுமுகத்தில் மேலிருந்து கீழாக ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரித்தெடுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் விட்டு, மறுபடி கலக்கி அளவெடுங்கள். நீர் முக்கியம். எங்கள் கிணற்று நீரே 7.9 காட்டுகிறது. அதை ஊற்றினால் மண்ணை மட்டுமல்ல, கிணற்றையும் சேர்த்தே அளப்பீர்கள். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கடையில் கிடைக்கிறது, அதுவே போதும்.

முன்மதில் ஓரம் 8.4. முற்றத்தின் நடுவில் 8.1. வீட்டுக்குப் பின்னால், அம்மா வைத்த மாமரத்தின் அடியில், வருடக்கணக்காகச் சருகு மக்கிய இடத்தில் 7.3. அடுத்த ஞாயிறு கணவருடன் மண்முனைப் பாலத்தால் போய் மாமியின் வளவில் எடுத்த மண் 5.8. முன்பெல்லாம் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். இப்போது பாலத்தில் சில நிமிடம். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் மண் 400 மடங்கு மாறிவிடுகிறது.

எழுவான்கரை கடல் போட்ட மணல். கடல் மணலைப் போடும்போது சிப்பியையும் சங்கையும் நொறுக்கிக் கூடவே போட்டது. அவையெல்லாம் கல்சியம் காபனேற்று, சுண்ணாம்பு. படுவான்கரையின் மேட்டு நிலம் உள்நாட்டுப் பாறை உக்கி வந்தது. மண்வகைப் படத்தில் அந்தப் பக்கத்து மண் ஒன்றின் பெயரே கல்சியமற்ற கபில மண். அதில் இருக்கும் கொஞ்சச் சத்தையும் ஒவ்வொரு மாரியும் கழுவிக்கொண்டு போகிறது. மாமியின் மண் புளிப்பானதால் அடுப்புச் சாம்பல் அங்கே மருந்து. சாம்பல் கடும் காரம், அந்தப் புளிப்பை முறித்துப் பொட்டாசியத்தையும் கொடுக்கிறது. எங்கள் மண்ணிலோ அதே சாம்பல் பூட்டிய பானைக்கு இன்னொரு பூட்டு. மாமி சொன்னது பிழையில்லை. அவர் தன் மண்ணுக்குச் சொன்னார், நான் அதை வேறு மண்ணில் செய்தேன். நம் ஊரில் கன்றோடு சேர்ந்து பக்குவமும் கை மாறுகிறது. மண் மட்டும் கூட வருவதில்லை.

மதிலோரம் ஏன் நடு முற்றத்தைவிட மோசம் என்பதை மண்வெட்டிதான் காட்டியது. ஒரு சாணுக்குக் கீழே வெள்ளைக் காரைத் துண்டுகள், ஓட்டுத் துண்டுகள், ஒரு நீலப் பீங்கான் சில்லு. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் எடுத்த எங்கள் பழைய வீடு. இடிபாட்டைப் பரப்பி மட்டம் செய்துதான் புது மதிலைக் கட்டினார்கள். அம்மா அந்தப் பீங்கான் சில்லை வாங்கிக் கழுவி, துடைத்து, சாமிப் படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடல் விட்டுப்போன உப்பை மணலிலிருந்து மழை கழுவிவிடும். காரையும் சீமெந்தும் அப்படிப் போவதில்லை, அவை மெல்ல மெல்லக் கரைந்து அக்கம்பக்கத்து மண்ணைக் காரமாகவே வைத்திருக்கும்.

கருவி இல்லாதவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். இரண்டும் குசினியில் இருப்பவை. உலர்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டு, சில துளி வினாகிரி விடுங்கள். சுண்ணாம்பு உள்ள மண் நுரைக்கும். எங்கள் மதிலோர மண்ணில் விட்டபோது கண்ணுக்கு நுரை தெரிவதற்கு முன் காதுக்குச் சத்தம் கேட்டது. அம்மா தட்டைக் காதோடு சேர்த்துப் பிடித்து, "பிள்ளை, சோடாப் போத்தலைத் திறந்தது மாதிரி இரைகிறது" என்றார். மாமியின் மண்ணில் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவது செவ்வரத்தம் பூ. ஐந்தாறு சிவப்புப் பூவின் இதழைக் கொதிநீரில் போட்டால் கருஞ்சிவப்புச் சாறு இறங்கும். மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரில் அந்தச் சாற்றை விடுங்கள். அமிலமென்றால் இளஞ்சிவப்பாகும், காரமென்றால் மங்கிய பச்சைக்குப் போகும். இது எண் சொல்லாது, திசையைச் சொல்லும். இதில் புதுமை ஒன்றுமில்லை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து ஆலாத்தி சிவக்க வைக்கும் நம் பெண்கள் நிறம் பார்த்துக் காரம் அறியும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். மண்ணுக்கு மட்டும் மஞ்சள் போதாது, அது சிவக்க நல்ல கடும் காரம் வேண்டும்.

எண் தெரிந்ததும் என் முதல் எண்ணம் மண்ணை மாற்றிவிடலாம் என்பதுதான். கந்தகத் தூள் போட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சல்பூரிக் அமிலமாக்கும், பி.எச். இறங்கும். உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் சுண்ணாம்பை முறிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். ஒரு சதுர மீற்றர் பாத்தியில் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுமார் 300 கிலோ மணல் இருக்கிறது. அதில் நூறுக்கு ஐந்து பங்கு சிப்பித் தூள் என்று வைத்தாலே 15 கிலோ சுண்ணாம்பு. அதை முறிக்கக் கிட்டத்தட்ட 5 கிலோ கந்தகம். ஒரே ஒரு சதுர மீற்றருக்கு! அதுவும் முடிந்தபின் மதிலிலிருந்தும் கிணற்று நீரிலிருந்தும் சுண்ணாம்பு வந்துகொண்டேயிருக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணோடு சண்டைக்குப் போகக்கூடாது என்று அன்று முடிவெடுத்தேன். தேசிக்காய்த் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் மக்கினால் நல்ல பசளை, அவ்வளவுதான். அவற்றால் இந்த மண் புளிப்பாகாது.

எதிர்த்திசையில் ஒரு பிழையும் நடந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். வாவியோரம் வடிகான் வெட்டிக் கரையில் குவித்திருந்த கறுப்புச் சேற்றைத் தம்பி ஒரு சின்ன லொறியில் கொண்டுவந்து கொட்டினான். "அக்கா, இதைவிடக் கொழுத்த மண் கிடைக்காது" என்றான். கையில் எடுத்தால் வெண்ணெய் போல வழுக்கியது. ஈரத்தோடு அளந்தேன், 6.9. என் மனம் குளிர்ந்துவிட்டது. பாத்தி கட்டிப் பரப்பினோம். முட்டை அழுகிய மணம் மட்டும் இலேசாக இருந்தது. இரண்டு மாத வெயிலில் சேறு வெடித்தது, வெடிப்பின் உள்முகத்தில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் படை பூத்தது. அதில் நட்ட கொச்சிக்காய் நாற்றுகள் அத்தனையும் சுருண்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரின் நுனிகள் கருகிக் குட்டையாக நின்றன. மறுபடி அளந்தேன், 3.7.

கண்டல் வளரும் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம், பைரைற்று, இருக்கும். நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது சாது. வெட்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டதும் சல்பூரிக் அமிலமாகிறது. அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கொல்கிறது. ஈரத்தில் ஒரு முறையும், உலர்ந்து சில வாரம் கழித்து ஒரு முறையும் அளக்காமல் வாவிச் சேற்றை நம்பாதீர்கள். அதைவிட நல்லது, அதைத் தொடாமலே விடுவது. அந்தச் சேறு கண்டலுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் உரியது. மழை பெய்தால் அதிலிருந்து வழியும் அமிலம் மறுபடி வாவிக்குத்தான் போகும், மீன் அதில்தான் வாழ வேண்டும். நாங்கள் அந்தச் சேற்றை முற்றத்துச் சிப்பி மணலோடு புரட்டிப் புரட்டிக் கலந்து, ஒரு மாரி முழுவதும் வளவுக்குள்ளேயே வைத்திருந்தோம். மாசியில் அது 6.6க்கு வந்தது. இப்போது அதில் பசளிக்கீரை படர்ந்திருக்கிறது.

இனி எதை எங்கே வைத்தேன் என்று சொல்கிறேன். மண்முனைக்குப் போகும் வழியில் காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அழகுக்கு வைத்தார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேரீச்சை காரத்தையும் உப்பையும் தாங்கும் மரம், இந்தக் கரைக்கு ஏற்ற மரம். அந்தக் கண்ணோடு எங்கள் தெருவை நடந்து பார்த்தேன். யாரும் தண்ணீர் விடாமல், யாரும் பார்க்காமல் செழித்து நின்றவை எவை? பூவரசு, வேம்பு, முருங்கை, புளி, தென்னை, வேலியோரத்து அலரி. ஒரு வளவில் அன்னமுன்னா, இன்னொன்றில் மாதுளை. மண் பரிசோதனை அறிக்கை தெருவிலேயே நட்டு வைத்திருந்தது போல இருந்தது.

மதிலோரத்தில் இப்போது இரண்டு மாதுளையும் ஓர் அன்னமுன்னாவும் நிற்கின்றன. முற்றத்தில் முருங்கை. கறிவேப்பிலை இரண்டையும் மாமரத்துப் பக்கம் மாற்றி, கிளிசரியாக் குழையும் மாட்டெருவும் மூடாக்காகப் போட்டேன். முதல் வருடம் அசையவில்லை, இரண்டாம் வருடம் தோள் உயரம் வந்துவிட்டது. தேசியும் அங்கேதான், நுனி வெளிறும்போது மாலையில் இலைமேல் இரும்புச் சல்பேட் தெளிக்கிறேன். பத்து நாளில் பச்சை திரும்பும். நிரந்தர வைத்தியம் அல்ல, அடுத்த துளிர்ப்புக்கு மறுபடி தெளிக்க வேண்டும். கொச்சிக்காய், கத்தரி, வெண்டிக்குப் பாத்தியை உயர்த்தி மாட்டெரு நிறையச் சேர்த்தால் போதும், 7.5 வரைக்கும் அவை அவ்வளவாக முறைப்பதில்லை.

வெட்சிக்கு மட்டும் மனம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறில் நான்கு தப்பியிருந்தன. அவற்றைப் பெரிய பூச்சாடிகளுக்கு மாற்றினேன். ஒரு பங்கு படுவான்கரை மண், ஒரு பங்கு தும்புத்தூள், அரைப்பங்கு மக்கிய எரு. கிணற்று நீர் ஊற்றுவதில்லை. தாழ்வாரத்துப் பீலியில் வழியும் மழைநீரைப் பீப்பாவில் பிடித்து வைத்து அதையே ஊற்றுகிறேன். கச்சான் காலத்தில் பீப்பா வற்றினால் வாளித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு, 6.5க்கு இறக்கி ஊற்றுகிறேன். போன வருடம் ஆடியில் நான்கு சாடியும் ஒன்றாகப் பூத்தன. இலை ஒவ்வொன்றும் மாமியின் முற்றத்தில் நிற்பது போலவே கரும்பச்சை.

மாமி வந்து சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். "இது எங்கள் வளவு மண் அல்லவா, மகள்?" என்றார். ஆம் என்றேன். எங்கள் முற்றத்து மண்ணை ஒரு தட்டில் அள்ளி வினாகிரி விட்டுக் காட்டினேன். அது இரைந்து அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை நாளும் உன்னைச் சாம்பல் போடச் சொன்னேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுப்புச் சாம்பலை நான் இப்போது வளவில் கொட்டுவதில்லை. பிளாஸ்ரிக் வாளியில் மூடிச் சேர்த்து வைக்கிறேன். மாமி மாதம் ஒருமுறை வரும்போது சாடிக்கு வேண்டிய மண்ணை ஒரு சிறிய சாக்கில் கட்டிக் கொண்டுவருகிறார். திரும்பும்போது அதே சாக்கில் சாம்பலைக் கட்டிக் கொடுத்து விடுகிறேன். இந்த மாரிக்கு அவருடைய வாழைக்கு அது போதாது என்கிறார். பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.